லேட்டஸ்ட் மாடல் அண்ணன்

இந்தியாவுக்கு ஃபேஷன் வீக் வந்தது 2000-ஆம் ஆண்டில், டெல்லியில். அது பட்டணத்துக் கணக்கு. ஜவ்வாது மலையில் அதற்கு முன்பிருந்தே வாராவாரம் நடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் சந்தை கூடும் நாளில் போய்ப் பாருங்கள். புளி, சாமை, கருவாடு எல்லாம் தாண்டினால், நீலத் தார்ப்பாய்மேல் ஒருவர் நிற்பார். சட்டைக்கு மேல் ஒரு நைட்டி, அதற்கு மேல் இன்னொன்று, கழுத்தில் நாலு துப்பட்டா. டிசைனர், மாடல், கல்லாப்பெட்டி மூன்றும் அவரே.

"லேட்டஸ்ட் மாடல், அக்கா! மெட்ராஸ்லயே இன்னும் வரல!"

அது மெட்ராஸுக்கு வந்து, விலைபோகாமல், மூட்டையாகக் கட்டப்பட்டு மலையேறிய கதை அவருக்கும் மூட்டைக்கும் மட்டுமே தெரியும். பெரிய டிசைனர்கள் வரும் கோடைக்கான உடுப்பை முந்தின செப்டம்பரிலேயே மேடையேற்றிவிடுவார்கள். நம்மவர் போன தீபாவளிக்குத் தேங்கியதை இந்த ஆடிக்கு அறிமுகம் செய்வார். கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான்.

பாரிஸ் மாடல்கள் மேடையில் சிரிப்பதில்லை. இவரும் சிரிக்க மாட்டார். முறுக்கு மீசையோடும் பூப்போட்ட நைட்டியோடும் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று சுற்றினால் சந்தையே சிரிக்கும். சமிக்கிப் புடவையை உதறி விரித்து, "காவலூர் டெலஸ்கோப்ல தெரியாத நட்சத்திரம்லாம் இதுல தெரியும்!" என்பார். 2.34 மீட்டர் கண்ணாடியை வைத்துக்கொண்டு 1986 முதல் இதே மலையின் காவலூர் வானாய்வகத்தில் வானம் பார்க்கிறவர்கள் மன்னிப்பார்களாக.

சாயம் போகுமா என்று கேட்டால் அசர மாட்டார். "போவும். போனாத்தான் ஒரிஜினல்!" சிரிக்காதீர்கள். 1960-களில் நம் மெட்ராஸ் கட்டத் துணியை, 'சாயம் போகும், அதற்கு நாங்கள் கேரண்டி' என்று விளம்பரம் செய்தே அமெரிக்காவில் விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறம் ஒன்றோடொன்று கலப்பதுதான் அழகாம். அண்ணனுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது, வியாபாரம் தெரியும்.

இதற்கெல்லாம் மசியாத நடுவர் ஒருவர் முன்வரிசையில் குந்தியிருப்பார். மருமகளுக்கு நைட்டி வாங்க வந்த ஆயா. துணியை இழுத்துப் பார்ப்பார், தையலை நகத்தால் நெம்புவார், பிறகு ஒரே கேள்வி:

"இன்னாப்பா, ஜோபி கீதா?"

"ஃபேஷன்ல ஜோபி வெக்கமாட்டாங்க ஆயா."

"அப்போ துட்ட எங்க வெக்கறது, உன் பேஷன்லயா?"

அந்த இல்லாத ஜோபிக்காக ஐம்பது ரூபாய் குறையும்.

அடுத்த வாரம் அண்ணன் மலையேறும்போது, பஸ் ஜன்னலுக்கு வெளியே அதே நைட்டி சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருக்கும். மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, சட்டைப்பையில் சுருக்கி மடித்த நோட்டு. அண்ணன் கண்கொட்டாமல் பார்ப்பார்.

அன்று சந்தையில் தார்ப்பாய் விரித்ததும் முதல் குரல்:

"நைட்டி, மேல சட்டை, செட்டு மாடல், அக்கா! ஜோபி வெச்சது!"