அதே மஞ்சள் புள்ளி

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு சைட்டோஜெனடிக்ஸ் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்று, ஒளிரும் சாயத்தால் மரபணுக்களைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் இருட்டறையில் எல்லோருக்கும் மனசு கனத்துவிடும். 9-ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய ஏபிஎல் மரபணுவுக்குச் சிவப்பு புரோப், 22-ஆம் குரோமோசோமின் பிசிஆர் மரபணுவுக்குப் பச்சை. இரண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டால் மஞ்சள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் போகும்.

ஸ்லைடில் மஜ்ஜைச் செல்களைப் பரப்பி, புரோப் விட்டு, கவர்ஸ்லிப்பின் ஓரத்தை ரப்பர் சிமெண்டால் அடைப்போம். 73 டிகிரியில் டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும். பிறகு இரவு முழுக்க 37 டிகிரியில் ஈரப்பெட்டிக்குள் வைப்போம். ஒளிரும் சாயம் ஏற்றிய டிஎன்ஏ துண்டுதான் புரோப். கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே தன் ஜோடியைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான். மறுநாள் கழுவி, டேபி சாயம் விட்டால் செல் உட்கருக்கள் நீலமாகத் தெரியும்.

மைக்ராஸ்கோப்பின் பாதரச விளக்கைப் போட்டு அணைத்தால் அது ஆறும்வரை மறுபடி போடக் கூடாது. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நோட்டில் எழுதி வைப்போம். இன்று எல்இடி, பொத்தானை அழுத்தினால் போதும்.

உண்மையான சிரமம் எண்ணுவதில்தான். உருண்டையான உட்கரு கண்ணாடியில் தட்டையாகிவிடுகிறது. தோப்பில் அண்ணாந்து பார்க்கும்போது வேறு வேறு மரத்துத் தேங்காய்கள் ஒட்டிக்கொண்டதாகத் தெரியுமே, அப்படி நோயில்லாத செல்லிலும் சிவப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். பழைய புரோப் ஒரே ஒரு மஞ்சளைத்தான் காட்டும். அது நோயா, தற்செயலா என்ற கேள்வி விடாது. பிறகு வந்த புரோப், இரு குரோமோசோம்களிலும் உண்டான ஒட்டுகளைக் காட்டியது: ஒரு சிவப்பு, ஒரு பச்சை, இரண்டு மஞ்சள். ஒரே செல்லில் இரண்டும் தற்செயலாக விழுவது மிக அரிது. அன்றுமுதல் சந்தேகம் பெரிதும் தீர்ந்தது.

ஆனால் சந்தேகம் தீர்ந்து என்ன பயன்? 1960-இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்போர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரவுலி அது 9, 22-ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம் என்று காட்டினார். 1990-இல் ஃபிஷ் முறையிலும் பார்க்க முடிந்தது. இத்தனை துல்லியமாகக் கண்டுபிடித்தும், மஜ்ஜை மாற்றுக்கு வழியில்லாத நோயாளிக்கு நிலையான தீர்வு எதையும் தர முடியவில்லை.

2001-இல் இமாட்டினிப் வந்தது. இணைந்த மரபணு உண்டாக்கும் ஓயாத என்சைமையே அடைக்கும் மாத்திரை. ஆனால் அசல் நிறுவனத்தின் மருந்து விலை மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்திய நிறுவனங்களின் மாத்திரை பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. புரோப்பைக் கண்டுபிடித்தவர்களுக்கு நிகராக அந்த முடிவையும் நான் மதிக்கிறேன்.

இன்று எங்கள் லேபில் இளம் பெண் ஒருத்தி, "மேடம், ஃப்யூஷன் இருக்கு!" என்று நிம்மதியோடு சொல்கிறாள். புள்ளி அதேதான். அதைக் கண்டதும் வார்டில் மாத்திரை எழுதுகிறார்கள். நுரையீரல் புற்றுநோயிலும் இப்படித்தான். ஆனால் இங்கே கணக்கு தலைகீழ்: ஏஎல்கே மரபணுவில் சிவப்பும் பச்சையும் சேர்ந்திருந்தால் இயல்பு. இரண்டு புள்ளி அகலமாவது பிரிந்திருந்தால் அதற்கென்றே மருந்து உண்டு. உடைந்த மரபணு பெரும்பாலும் 2-ஆம் குரோமோசோமுக்குள்ளேயே புரண்டு விழுவதால் இடைவெளி சிறிதாக இருக்கும். அங்கே கண் தேர்ந்திருக்க வேண்டும்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் ஃபிஷ் போதாது. எங்களுக்கு எண்ண வாய்ப்பது சில நூறு செல்கள். லட்சத்தில் ஒன்றாக ஒளிந்திருப்பதை ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் சோதனைதான் காட்டும். ஏஎல்கேவுக்கும் மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை வரட்டும். எண்ணிக்கை சந்தேக எல்லையில் நிற்கும் ஸ்லைடை மட்டும் இன்னொருவர் முதல் கணக்கைப் பார்க்காமல் மறுபடி எண்ணட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏஎல்கே சோதனையில், ஐம்பது செல்லில் ஏழா எட்டா என்பதில் ஒருவருடைய மருந்து கைக்கு வருவதும் வராததும் இருக்கிறது.