கண்டுபிடிச்சுட்டேன் சகலை!

சொந்தமாக சிஸ்டம் அசெம்பிள் செய்தவர் அதற்கு மூடி போட்டு நான் பார்த்ததில்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகடு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதன் திருகாணிகள் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருக்கும். அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் திறக்கப் போகிறோம், எதற்கு மூடுவானேன் என்பது அவர் கட்சி.

எழுத வசதியாக அவரைச் சகலை என்று வைத்துக்கொள்வோம். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரை மனத்தில் வைத்து நான் எழுதவில்லை. அப்படி யாருக்காவது தோன்றினால், குறிப்பாக என் மனைவியின் அக்காவுக்குத் தோன்றினால், அது தற்செயல்.

சகலையிடம் வேறு குணங்களும் உண்டு. கடையில் பெட்டியாக வாங்கிய கம்ப்யூட்டரைப் பார்த்தால் பாவமாகச் சிரிப்பார். தெர்மல் பேஸ்ட் டியூபை பிரிட்ஜ் கதவில் தக்காளி சாஸுக்குப் பக்கத்தில் வைப்பார். அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது, இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்து அவர் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி.

“கண்டுபிடிச்சுட்டேன் சகலை!”

அவருடைய சிஸ்டத்துக்கு ஒரு வியாதி. சில நாள் பட்டனைத் தட்டியதும் மளமளவென்று வந்து நிற்கும். சில நாள் மதர்போர்டு கம்பெனியின் லோகோவிலேயே உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் போய்க் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் லோகோதான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வரும்.

இது எப்போது ஆரம்பித்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் புது என்விஎம்இ எஸ்எஸ்டி, இன்னொரு ஜோடி ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் வாங்கி வந்தார். மூன்றையும் அன்று இரவே மாட்டினார். கையோடு கையாக பயாஸையும் அப்டேட் செய்தார். ஒன்றை மாட்டி, நாலு நாள் ஓட்டிப் பார்த்து, அதன்பிறகு அடுத்ததைத் தொட்டிருந்தால் யார் செய்த வேலை என்று தெரிந்திருக்கும். இதை அவரிடம் சொன்னேன். “நாலு நாளா? பொருள டப்பாவுலயே வச்சுக்கிட்டா?” என்று கேட்டார். வாங்கிய பட்டுப்புடவையை நாலு நாள் பீரோவில் வைக்கச் சொன்னதுபோல் அந்தக் குரலில் அவ்வளவு வேதனை.

முதலில் பிடிபட்டது ரேம். கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, மாட்டினார். மறுநாள் சிஸ்டம் சட்டென்று வந்தது. இரவு போன். “கண்டுபிடிச்சுட்டேன் சகலை! ரேம்ல அழுக்கு. அவ்வளவுதான் மேட்டர்.” அது அன்றைக்கு வாங்கிய ரேம். அழுக்குப் பிடிக்க அதற்கு அவகாசமே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை லோகோ நின்றது.

பிறகு சாட்டா கேபிள். பிறகு பிரிண்டர், அதன் யுஎஸ்பியை உருவியதும் இரண்டு நாள் நன்றாக வந்தது, இரண்டு நாளும் போன் வந்தது. பிறகு ஆன்டிவைரஸ். பிறகு மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி. அது மூன்று வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டரில் மூன்றுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது, அதாவது நன்றாக இருந்தது. “நல்லா இருக்கற மாதிரி காட்டும் சகலை, அதான் அதோட டெக்னிக்” என்று மாற்றினார்.

அதன்பிறகு மிக்ஸி. அவர் மனைவி காலையில் சட்னி அரைத்த நேரத்தில் லோகோ நின்றுவிட்டது. வோல்டேஜ் இறங்குகிறது என்று மிக்ஸிக்குத் தடை போட்டார். மறுநாள் மிக்ஸி ஓடவில்லை, சிஸ்டம் வேகமாக வந்தது. “கண்டுபிடிச்சுட்டேன்!” அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் இட்லிக்குப் பொடிதான். வார முடிவில், மிக்ஸி ஓடாமலே, லோகோ நின்றது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய்த் தேங்காய் உடைத்தார்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் நாளைக்குச் சரியாகிவிடக் கூடியது அது. வாரத்தில் இரண்டு நாள்தான் மக்கர் செய்கிறது என்றால், மற்ற ஐந்து நாளில் நீங்கள் எதைத் தொட்டாலும் அதனால் குணமான மாதிரிதான் இருக்கும். ஜன்னல் திரைச்சீலையை மாற்றினாலும் இருக்கும். ஒரு தடவை வேகமாக வந்தது எதற்கும் சாட்சி ஆகாது. இதைச் சகலையிடம் நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் குற்றவாளி. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. ஒரு டைரி வைத்திருக்கிறார். தேதி போட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்த வினாடிகளை எழுதுகிறார். அதை ஒரு நாள் எனக்குக் காட்டினார். சில வரிகள் ஷட் டவுன் செய்துவிட்டுப் போட்டது, சில வரிகள் ரீஸ்டார்ட் செய்தது. எது எதுவென்று எழுதவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் அடிப்படைப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். காலையில் எழுதியதைப் படித்துக்கொண்டு எழுந்திரிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிச் சராசரி எடுத்து வைத்திருந்தார். அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு வேறு.

டைரியே வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்தால் மேலே மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று சில வினாடிகள் போட்டிருக்கும். விண்டோஸ் கைக்கு வருவதற்கு முன் போர்டு எடுத்துக்கொண்ட நேரம் அது. மெதுவாக வந்த நாளில் அந்த எண் எகிறி இருந்தால் தகராறு விண்டோஸுக்கு முன்னாலேயே நடக்கிறது. ரெஜிஸ்ட்ரியைப் பெருக்கித் துடைத்துப் பயன் இல்லை. எண் வழக்கம்போல் இருந்தால் போர்டை விட்டுவிட்டு விண்டோஸைப் பார்க்கலாம். சகலை வீட்டில் மெதுவான நாட்களில் அந்த எண் எகிறித்தான் இருந்தது. காட்டினேன். பார்த்தார். தலையாட்டினார். அன்று இரவு விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். காலையில் வேகமாக வந்தது. என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

குற்றவாளிகள் விலை ஏற ஆரம்பித்தார்கள். எஸ்எம்பிஎஸ் போய்ப் புது எஸ்எம்பிஎஸ் வந்தது. ரேம் போய் வேறு ரேம் வந்தது. கேபினட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ரிச்சி ஸ்ட்ரீட் போனார். கடைப் பையன் போர்டை வெளியே எடுத்து, தன்னுடைய எஸ்எஸ்டியைச் சொருகி, திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் உடனே வந்தது. “போர்டு நல்லாத்தான் சார் இருக்கு” என்றான். அந்தப் பையன் பாதி வழக்கைத் தீர்த்துவிட்டான். ஆனால் சகலை அங்கிருந்து திரும்பும்போது கையில் புது மதர்போர்டும் புது ப்ராசஸரும் டிடிஆர்5 ரேமும் இருந்தன.

அன்று இரவு வந்த போனில் குரல் வேறு மாதிரி இருந்தது. “சகலை, செத்துப் போச்சு. திரையே வரல.” டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் போட்டால் போர்டு அதை முதலில் பலவிதமாக ஓட்டிப் பார்த்துத் தனக்குத் தோதான கணக்கைப் பிடித்துக்கொள்ளும். மெமரி டிரெயினிங் என்பார்கள். சில நிமிடம் திரை கறுப்பாகத்தான் இருக்கும். இவர் அதற்குள் பயந்து பட்டனை அமுக்கி நிறுத்தி, மறுபடி போட்டு, ஒவ்வொரு தடவையும் அதைப் பாடத்தின் முதல் வரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். “போட்டுட்டு சாப்பிடப் போங்க” என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் வெளிச்சம். பிறகு அவராகவே பயாஸில் துழாவி, பிடித்த கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்பதைத் தேடி ஆன் செய்தார். இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அது சரியான கண்டுபிடிப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. பாராட்டினேன். குழந்தையாட்டம் சந்தோஷப்பட்டார்.

மனிதரைப் பிடிக்காமல் இதை எழுதவில்லை. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்து, கடைகளில் லேப்டாப் கிடைக்காமல் எல்லாரும் முழித்தபோது, பரணிலிருந்து பழைய போர்டுகளை இறக்கி, சொந்தத்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு சிஸ்டம் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர் அவர். ஒரு பைசா வாங்கவில்லை. அதில் ஒன்றில் மவுஸ் வைத்தால்தான் கீபோர்டு வேலை செய்யும். இருந்தாலும் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோசனை கேட்டுத்தான் போன் செய்கிறார். நான் வாயைத் திறந்தால் முடிப்பதற்குள் “இருங்க, ஒரு நிமிஷம்” என்று எதையோ கழற்றும் சத்தம் கேட்கிறது. மறுநாள் அலுவலகம் போக வேண்டியவன் நான். அவர் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததில் கொஞ்சம் அந்தப் புது போர்டுக்குள் போயிருக்கிறது என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். கேபினட்டின் அடித்தட்டில் ஒரு 500 ஜிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது. 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி உலகமெங்கும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியதே, அப்போது அதிக விலை கொடுத்து வாங்கியது. அதனாலேயே தூக்கிப்போட மனம் இல்லாமல் ஒவ்வொரு புது சிஸ்டத்துக்கும் அதைக் கூடவே அழைத்துப் போகிறார். மாமனார் அறுபதாம் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது. காலையில் ‘டிக்… டிக்…’ என்று ஒரு சத்தம் போடும். டிஸ்க்கின் உடம்பைப் பரிசோதிக்கும் ஒரு இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. படிக்கத் திணறும் டிஸ்க் பதில் சொல்வதற்காகப் போர்டு காத்துக்கொண்டு நிற்கும். அது பதில் சொன்னபிறகுதான் லோகோ நகரும். “வீடியோவ வேற எதுலயாவது காப்பி பண்ணிட்டு, இதோட கேபிள ஒரே ஒரு வாரம் கழட்டி வைங்க. வேற எதையும் தொடாதீங்க.”

“அதுவா? அது ரொம்ப நாளாவே அப்படித்தான் சகலை சத்தம் போடும். பாவம், பழசு. அதுமேல சந்தேகப்படக் கூடாது.”

வீடியோவை நானே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து எடுத்து வந்துவிட்டேன். கேபிள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இதற்கு நடுவே தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அழுக்கு ரேம், பழைய எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ரைசன் 5600ஜி ப்ராசஸர், அது உட்கார்ந்திருந்த பி450 போர்டு, சந்தேகக் கேபிள்கள், முதல் சனிக்கிழமையே ஓரங்கட்டப்பட்ட சாட்டா எஸ்எஸ்டி. தெருவில் ஒரு பையனைக் கூப்பிட்டு இவற்றை ஒரு கேபினட்டில் பூட்டி மகளுக்குக் கொடுத்தேன். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட லோகோவில் நின்றதில்லை. நாங்கள் சட்னி அரைக்கிறோம், பிரிண்டரும் மாட்டியிருக்கிறோம்.

போன மாதம் சகலை வந்திருந்தபோது மகள் அதை ஆன் செய்தாள். அவர் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தேடி எடுப்பதற்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கியது. குனிந்து கேபினட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“பயாஸ் எந்த வெர்ஷன்டா செல்லம்?”

“தெரியாது பெரியப்பா. நல்லாத்தான் ஓடுது.”

“பழசாத்தான் இருக்கும். நம்ம போர்டுதானே, ஃபைல் எங்கிட்டயே இருக்கு” என்று சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார்.

“பெரியப்பா, அம்மா கூப்பிடறாங்க, காபி ரெடியாம்” என்றாள் மகள், யுஎஸ்பி துளைகளை முதுகால் மறைத்தபடி. உள்ளே என் மனைவி அப்போதுதான் பாலை அடுப்பில் வைக்க ஓடிக்கொண்டிருந்தாள்.