சிவப்பா இருக்கிறதெல்லாம் ஒரே மிஷினா, தம்பி?

வா தம்பி. இந்தியானா வெயில்ல ஏலம் ஆரம்பிக்கிறதுக்குள்ளயே, கதிர் அறுத்துப் போரடிக்கிற பழைய கம்பைன் எல்லாத்தையும் போட்டோ புடிச்சாச்சு போலிருக்கு. “தாத்தா, இது சிவப்பு, அப்போ இன்டர்நேஷனல்தானே?”ன்னு நீ சத்தமா கேட்டதும் ஏலக்காரன் மூஞ்சியில வந்த வெளிச்சத்தைப் பார்த்தியா? உன்னை மாதிரி நாலு பேர் வந்தா அவன் மாடி வீடே கட்டிடுவான்.

மாசி-ஹாரிஸும் சிவப்புதான். சாம்பல் நிறத்துல இருந்த கேஸ் கம்பெனியும் 1939-ல ஆரஞ்சு கலந்த சிவப்புக்கு மாறிச்சு. அது வருஷக்கணக்கா வெயில்ல வெளுத்தா, அல்லிஸ்-சால்மர்ஸ் ஆரஞ்சுக்கும் அதுக்கும் நீயென்ன, நானே தடுமாறுவேன். கொட்டகையில மிச்சம் கிடந்த பெயிண்டை எது மேல வேணாலும் அடிக்கிற புண்ணியவான்களும் இருக்காங்க. துத்தநாகம் பூசின தகடு வெள்ளியா மின்னினா மட்டும் கொஞ்சம் நம்பு. அது க்ளீனர். 1955-ல அல்லிஸ்-சால்மர்ஸ் அந்தக் கம்பெனியவே வாங்கிச்சு. ஆனா வெள்ளி நிறத்துல கை வைக்கலை. புகுந்த வீட்டுக்குப் போயும் பொறந்த வீட்டுச் சேலையை விடாத மருமக மாதிரி.

போனை உள்ளே வை, டேப்பை எடு. வெட்டுக் கத்தி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எவ்வளவு? அல்லிஸ்காரன் நல்லவன், ஆல்-கிராப்புக்கு 40, 60, 66, 72ன்னு கத்தி அகலத்தையே இன்ச்சுல பேரா வெச்சுட்டான். இன்டர்நேஷனல் 42, 52, 62-ல முதல் எண் மட்டும் அடிக்கணக்கு. ஆகா, ரகசியம் புரிஞ்சுபோச்சுன்னு ஜான் டியர் 12-ஏ கிட்டப் போய் பன்னெண்டு அடியைத் தேடிட்டு நிக்காதே. அது ஆறடிதான்.

அப்புறம் குனி. முழங்கால் அழுக்கானா வீட்டுல திட்டுவாங்களா? திட்டட்டும். கத்திக்குப் பின்னாடி கதிர் எந்த வழியா போகுதுன்னு பாரு. ஆல்-கிராப் 60-ல கத்தியும் அஞ்சடி, போரடிக்கிற டிரம்மும் அஞ்சடி. அறுத்த கதிர் கேன்வாஸ்ல விழுந்து, பரவினபடியே நேரா டிரம்முக்குள்ள போகும். நெருக்கித் திணிக்கிற வேலையே கிடையாது. ஆனா மாசி-ஹாரிஸ் கிளிப்பரும் ஜான் டியர் 12-ஏயும் நேர்வழிக்காரங்கதான். அதனால டிரம் பட்டையைத் தடவிப் பார்த்துடு. ஆல்-கிராப்ல கம்பெனி போட்டது ரப்பர் முகம் வெச்ச பட்டை. நூத்துக்கு மேல பயிர் அடிக்கும்னு பெருமையடிச்சவங்க, அவரை, புல் விதைக்கெல்லாம் அடி மெதுவா விழணுமே! மத்த நிறைய மிஷின்ல சாய்வா கோடு வெட்டின இரும்புப் பட்டை இருக்கும். ஒண்ணுல கோடு இடப்பக்கம் சாஞ்சா அடுத்ததுல வலப்பக்கம். எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருந்தா எவனோ அவசரத்துல மாட்டியிருக்கான். தாளெல்லாம் ஒரு மூலைக்கே தள்ளிட்டுப் போகும். இன்னும் பழசுன்னா பட்டைக்குப் பதிலா இரும்பு முளை இருக்கலாம்.

மேலே தனி என்ஜின் உக்காந்திருக்குன்னு வாயைப் பிளக்காதே. ஒரே மாடல்லயே டிராக்டர் பி.டி.ஓ.வுல சுத்துறதும் உண்டு, சொந்த என்ஜின்ல சுத்துறதும் உண்டு. தானியத் தொட்டியும் அப்படித்தான், சிலதுல இருக்கும், சிலதுல அதுக்குப் பதிலா மூட்டைதான். “டிரைவர் இங்கே நிப்பாரா?”ன்னு ஒரு பலகையைக் காட்டிக் கேட்டியே, ரொம்ப நேரம் சிரிப்பை அடக்கிட்டு இருந்தேன். அது மூட்டை கட்டுறவன் நிக்கிற பலகை. கட்டின மூட்டையை அந்தச் சறுக்குல தள்ளிவிடுவான். ஓட்டுறவன் முன்னாடி டிராக்டர்ல இருப்பான். இது இழுவை கம்பைன்பா, தானா எங்கேயும் போகாது.

பேர்த்தகடு இல்லைன்னா அழாதே. ஆணி அடிச்ச ஓட்டையாவது இருக்கும். வார்ப்பிரும்புல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா பாகத்தோட எண் தெரியும். அதை வெச்சு பழைய பாகப் பட்டியல்ல தேடிக்கலாம்.

சரி, மணி அடிக்கப் போறான். போய் அந்த வரிசை முழுக்க ஒவ்வொண்ணா அளந்துட்டு வா, அவசரமே இல்லை. கொட்டகை ஓரத்துல துருப்பிடிச்ச ஆரஞ்சு ஒண்ணு நிக்குதே, அதை மட்டும் விட்டுடு. அதோட பட்டையில ரப்பர் அப்படியே இருக்குன்னு விடியறதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன்.