செத்தவன் மடியில திறப்பு

வா மனே, இரி. தேத்தண்ணி ஆறுது. அந்தப் பெட்டிய எத்தின நேரம்தான் முறைச்சுக்கிட்டிரிப்பாய்?

ஓ, ரிவியூவா? கேர்னல் விழுந்தா எழுப்புறதுக்கு ஆரோ நிரலில ஒட்டுப் போட்டிரிக்கான், நீ அதச் சரி பாக்கிறாய். நல்லம். மூணு நாளா உங்கட சண்டையக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன். இடம் விடுறது நாலா எட்டா எண்டு ஒரு நாள். பேர் வடிவில்லையெண்டு மத்த நாள். மறுகா ஒருத்தன் வந்தான், பெருவிரல் படம் ஒண்டப் போட்டான், போயிட்டான். நானூறு வரிய ரெண்டு நிமிசத்தில படிச்சானாம்! எங்கட கோயில் ஐயரே அவ்வளவு வேகமா மந்திரம் சொல்ல ஒண்ணாது.

சிரிக்காத. என்ர பேரனும் கொழும்பில இந்த வேலைதான். வரக்குள்ள எல்லாம் துருவித் துருவிக் கேட்டு வெச்சிரிக்கன். அதோட நான் இந்த வினாயகபுரத்தில வட்டவிதானையா இரிந்தவன். ஆர்ர வயலுக்கு எவ்வளவு தண்ணி, எந்த நேரம் எண்டு பிரிச்சுக் குடுக்கிற ஆள். உன்ர கேர்னலும் மிசினுக்குள்ள அந்த வேலைதானே பாக்கிறான்?

அவன் திடீரெண்டு விழுந்தா என்ன செய்யிற? முந்தி விழுந்தவனையே பிடிச்சு, "எப்பிடி விழுந்தாய், எழுதித் தா" எண்டு கேட்டாங்க. மண்டை கலங்கினவன் பேனையப் பிடிச்சா எங்க எழுதுவான்? நல்லா இரிந்த கணக்குக் கொப்பியிலயே கிறுக்கி வெச்சிட்டா?

அதுக்கு வழி வந்தது சுனாமிக்கு அடுத்த வருசம், 2005இல. எரிக் பீடர்மன் எண்டவர் கெக்செக் எண்டு ஒண்டு செஞ்சிரிந்தார். மிசின அணைச்சு ஏத்தாம, ஒரு கேர்னல்லயிருந்து நேரா இன்னொண்டுக்குத் தாவுற வழி. அதுக்கு மேல பெங்களூர் ஐபிஎம்ல விவேக் கோயலும் கூட்டாளிமாரும் கேடம்ப் எண்டு கட்டினாங்க. லினக்ஸ் 2.6.13 வரக்குள்ள ரெண்டும் உள்ளுக்கு. இஞ்சால பக்கத்து ஊர்க்காரன்தான் மனே, அமெரிக்காக்காரன் மட்டும் எண்டு நினைக்காத.

வேலை எப்பிடி? மிசின் ஏறக்குள்ளயே கொஞ்ச மெமரிய ஒதுக்கி, அதுக்குள்ள இன்னொரு சின்னக் கேர்னல நித்திரையில வெச்சிரிப்பான். பெரியவன் விழுந்தா சின்னவன் எழும்புவான், அனேகமா ஒத்தக் கோரோட. பெரியவன்ர மெமரி முழுக்க விஎம்கோர் எண்ட கோப்பாத் தெரியும். அத எடுத்து வெச்சிட்டு மிசினத் திருப்பி ஏத்துவான். அவ்வளவுதான்.

"256 மெகாபைட் சும்மா கிடக்கே தாத்தா" எண்டு அண்டைக்கு அழுதாய். மூலையில கட்டி வெச்ச விதைநெல்லும் சும்மாதான் கிடக்கு. மாரி பிழைச்ச வருசம் அதச் சோறாக்கித் திண்டவன் அடுத்த போகத்துக்கு என்னத்த எறியிற? அதோட ஒதுக்கின இடம் எதுக்குத் தெரியுமா? வட்டவிதானை செத்தாலும் வாய்க்கால் தண்ணி உடன நிக்காது. டிஸ்க்கும் நெட்வேர்க் கார்டும் பழைய கட்டளைப்படி மெமரிக்குள்ள எழுதிக்கிட்டேயிரிக்கும். அந்தத் தண்ணி ஏறாத மேட்டில சின்னவன வெச்சாத்தான் தப்புவான்.

இப்ப இந்த ஒட்டப் பாப்பம். பன்னிரண்டாவது வரியில என்ன கிடக்கு? பூட்டா? விழுந்த நேரத்தில பூட்டுக் கேக்கிறானா? எட மனே, அந்தப் பூட்டின்ர திறப்பு ஆர்ர மடியில? செத்தவன்ர மடியில! அவன் எழும்பி வந்து தருவான் எண்டு நீ கதவடியில நிக்கப் போறாயா? ஊழி வரைக்கும் நிக்க வேண்டியதுதான். கீழ வா. புதுசா மெமரி கேக்கிறான். களஞ்சியமே இடிஞ்சு கிடக்கக்குள்ள களஞ்சியக்காரனத் தேடுறான்.

இது என்ன? விழுந்த கையோட முதலாளிக்கு நெட்வேர்க்கில தகவல் அனுப்ப வேணுமாம். அதுவும் விழுந்தவனே! செத்தவன் தன்ர மரண அறிவித்தலத் தானே தெருத் தெருவா ஒட்டிக்கிட்டுப் போறத நீ எங்கயாவது கண்டிரிக்காயா? அந்த வேலையச் சின்னவனுக்கு விடு. விழுந்தவனுக்கு ரெண்டு வேலைதான். மத்தக் கோர் எல்லாத்தையும், காதப் பொத்தினாலும் கேக்கிற மாதிரி ஒரு அதட்டுப் போட்டு நிப்பாட்டோணும். தாவோணும்.

இவ்வளவும் கிடக்க, நீங்க இடம் நாலா எட்டா எண்டு!

"இதெல்லாம் சரி பாக்க மிசினே இரிக்கு" எண்டுவாய். 2024 ஆடி 19 மறந்து போச்சா? கிரவுட்ஸ்ட்ரைக் எண்ட பாதுகாப்பு மென்பொருள்காரர் ஒரு சின்னக் கோப்ப அனுப்ப, 85 இலட்சம் விண்டோஸ் மிசின் நீலமாப் போய் விழுந்தது. இந்தியாவில விமானம் ஏறுற சீட்டக் கையால எழுதிக் குடுத்தாங்க. சங்கதி என்ன? அந்தக் கோப்புக் கேட்டது 21 சாமான், உள்ளுக்கு இரிந்த நிரல் குடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதப் போய்த் தேடினது. சரி பாக்கிற மென்பொருளும் 21 வரும் எண்டே நம்பித் தலையாட்டினது. மறுகா கனக்க மிசினுக்கு முன்னால ஒரு பொடியன் குந்தி, அந்தக் கோப்ப அழிச்சு எழுப்பினான். சந்தையில மீன் வாங்கினாக்கூட எங்கட மனிசி ரெண்டு தரம் எண்ணுவா.

ஒண்டு கேக்கிறன், உண்மையச் சொல்லு. இந்த ஒட்டப் போட்டு மிசின ஒருக்கா விழுத்திப் பாத்தாயா? வாசிச்சதக் கேக்கல்ல. விழுத்தினாயா?

முழிக்காய். சிஸ்ஆர்கியூ-டிரிகர் எண்ட கோப்புக்குள்ள 'சி' எண்டு ஒத்தை எழுத்து எழுதினாப் போதும், நிண்ட இடத்திலயே விழும் எண்டு நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய்? எழுதினவன் விழுத்தல்ல, பெருவிரல்காரன் விழுத்தல்ல, நீயும் விழுத்தல்ல. மறுகா ஆர் விழுத்துற? நடு ராவில, வங்கிக் கணக்கு ஓடக்குள்ள, அதுவே விழும். அப்ப பாப்பமா?

அந்தப் பழைய மிசின எடு. உன்ர படமெல்லாம் இரிக்கிறதில வேணாம், மற்றத எடு. ஒட்டப் போடு. 'சி' எண்டு எழுது. நான் உள்ளுக்குப் போய் இன்னொரு தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறன். வரக்குள்ள அது எழும்பியிரிக்கா, கிடக்கா எண்டு சொல்லு.