மரத்தில் ஏறிய சட்டம்

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலின் சட்டங்கள் பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரியிலிருந்து, தமிழ்நாட்டைக் கடந்து வந்து சேர்பவை. 2021 டிசம்பர் தொடக்கத்தில் அப்படி வந்த ஓர் உத்தரவு, 1973-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பெயரால் கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மறுத்தால் நடவடிக்கை. நாட்டிலேயே முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டி, தமிழ்நாட்டு நாகூரில் கால் வைத்தால் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே தமிழ்நாட்டின் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் காத்திருந்தது. கிருமிக்கு மட்டும் எல்லை தெரியாது.

கட்டாயம் என்றதும், "நல்லதென்றால் ஏன் மிரட்டுகிறார்கள்?" என்ற கேள்வி டீக்கடைக்கு வந்துவிடும். அதே மாதக் கடைசியில் புதுச்சேரி வில்லியனூர் பக்கம் ஒருவர் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டார். சுகாதார ஊழியர்கள் கீழே நின்று கெஞ்சினார்கள். மரம் ஏறியவரை எந்தப் பிரிவில் இறக்குவது என்று 1973-இல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

தடுப்பூசி கட்டாயமில்லை என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது மத்திய அரசு. அதாவது டெல்லிக்கு விருப்பம், டெல்லியின் கீழுள்ள ஒன்றியப் பிரதேசத்துக்குக் கட்டாயம். மே 2-ஆம் தேதி, கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில், தடுப்பூசிக் கொள்கையைக் குறை சொல்லாத நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது.

ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிச் சுகாதார அவசரநிலை வந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அதற்காக யாரும் மரத்தில் ஏறியதாகத் தகவல் இல்லை.