அட்டைப்பெட்டி வானியல்

மலிவுத் தொலைநோக்கியின் மிகத் திறமையான பாகம் அதன் அட்டைப்பெட்டி. 60 மி.மீ. வில்லைக்கு ‘525 மடங்கு’ என்று அது முழங்கும். கணக்கில் பொய்யில்லை: 700 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்தால் 175. மும்மடங்கு பார்லோ வில்லையும் சேர்ந்தால் 525. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்குதான் தாங்கும், 120-ஐத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும் என்பதைப் பெட்டி தன்னடக்கத்தோடு விட்டுவிடும். மேலே அச்சான வண்ண நெபுலா பெரும்பாலும் 2.4 மீட்டர் ஆடி கொண்ட ஹபிளின் உபயம். உள்ளே பார்த்தால் ஆண்ட்ரோமெடா சாம்பல் நிறத் திட்டு.

முக்காலி தனி ரகம். குவியத் திருகைத் தொட்டால் சனி நடனமாடும். ஆட்டம் ஓய்வதற்குள் பூமி சுழன்று அதைக் காட்சியிலிருந்தே தள்ளிவிடும். ஜான் டாப்சன் பரப்பிய எளிய பெட்டித் தாங்கியில் அமர்ந்த 150 மி.மீ. ஆடித் தொலைநோக்கி அசையாது. ஆனால் வடிகால் குழாய் போலிருப்பதால் பரிசளிக்கக் கௌரவம் இடம் தராது.

தேடுகுழாயைப் பகலில், தொலைவிலுள்ள அலைபேசிக் கோபுரத்தைப் பார்த்து நேர்செய்ய வேண்டும். இரவுக்கு ஒத்திவைப்பவர் முதல் வாரம் முழுக்க வெற்று வானத்தை ஆராய்வார்.

கண்வில்லையில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி இலவசமாக வந்தால் குப்பையில் போட வேண்டும். வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை மூட வேண்டியது.