ஒரே குழாய், இரண்டு ஊர்

எழுபதுகளில் முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வரத்துக் கால்வாய்த் தகராறு. மழைத்தண்ணீர் முதலில் எந்த ஊருணிக்கு என்று ஆரம்பித்து, மண்வெட்டியைத் தூக்கும் வரை போகும். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் அதே கால்வாயில் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி இரண்டு ஊரும் தூர்வாரும். தீர்மானம் கிடையாது, நகல் கிடையாது. தூர்வாராவிட்டால் இரண்டு ஊருக்கும் உப்புத் தண்ணீர்தான்.

கோடையில் அவர்கள் ஊருணி முதலில் வற்றும். விடியுமுன்னே அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு எங்கள் கரையில் நிற்பார்கள். ஊருணிக் காவல்காரர் துண்டை முகத்தில் போட்டபடியே சொல்வார்: "சுருக்கா மொண்டுக்கிட்டுப் போங்காத்தா. நான் இன்னும் எந்திரிக்கல." யாராவது காலை நனைத்தால் மட்டும் எழுந்துவிடுவார்.

இப்போது நாகரிகம் வந்துவிட்டது. 616 கோடி ரூபாய்த் திட்டத்தில் திருச்சிப் பக்கம் முத்தரசநல்லூரில் எடுக்கிற காவிரித் தண்ணீர் எங்களுக்கு வருகிறது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தண்ணியில்லாக் காட்டில் காவிரி குடிப்போம் என்று என் அப்பா கனவிலும் நினைத்ததில்லை. தரைத்தொட்டி வரை தண்ணீர் கொண்டுவருவது கூட்டுக் குடிநீர்த் திட்டம். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, தெருவுக்குத் திறந்துவிடுவது ஊராட்சி. கரண்டு பில்லும் அதன் தலையில்தான்.

எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரே கிளைக்குழாய், எல்லையில் ஒரு வால்வு. அது கசிகிறது. யார் செலவில் சரிசெய்வது? மண்வெட்டி தூக்க யாரும் வரவில்லை. 'தங்கள் எல்லைக்குள் வருவதால்' என்று மரியாதையாகக் கடிதம் போய்வருகிறது. வால்வுக் குழியில் இரண்டு ஊர் ஆடுகளும் தாராளமாகக் காவிரி குடிக்கின்றன.

2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் இரண்டு ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஒரே கையெழுத்தில் கேள்வி கேட்டு, அதே கையெழுத்தில் பதிலும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊருக்குள் இவ்வளவு ஒற்றுமையை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. வால்வை மட்டும் இன்னும் யாரும் மாற்றவில்லை.